மேப் மறையாத ஸ்கிரீன்

அந்தச் சேர்ல உக்காராதீங்க, கால் ஒண்ணு ஆடுது. இப்படி இதுல வந்து உக்காருங்க. நான் வந்தவொடனே கடக்காரர்கிட்டச் சொல்லிட்டேன், ஒரு ஸ்குரூவ டைட் பண்ணா முடிஞ்சு போச்சுங்கன்னு. தலைய ஆட்டிட்டுப் போனாரு. இன்னும் ஆடிட்டுத்தான் இருக்குது.

உங்களுக்கு என்ன வேலைங்க? சீட் கவரா? அப்ப சீக்கிரம் உட்ருவாங்க. தையல் மட்டும் மூலைல பாத்து வாங்கிக்கங்க, அங்கதான் மொதல்ல பிரியும். தப்பா நெனச்சுக்காதீங்க, நான் குவாலிட்டி செக்கிங்ல இருந்து ரிட்டயர் ஆன ஆளு. மில் மெஷினுக்குப் பார்ட்ஸ் பண்ற கம்பெனி. ஒரு சாமானக் கையில எடுத்தா எங்க தப்பு இருக்குதுன்னுதான் மொதல்ல கண்ணு போகும். இத்தன வருசம் அதுலதான் சோறு தின்னேன், இப்ப மாத்த முடியுங்களா?

அதா உள்ள நிக்குது பாருங்க, வெள்ள வண்டி. டேஷ்போர்டப் பிரிச்சு, ஒயரெல்லாம் குடல் மாதிரி வெளிய தொங்குதுல்ல, அது எங்க வண்டிதான். உள்ள தலைய உட்டுட்டுப் படுத்திருக்கறாரே, அவரு அஸ்கர் பாய். இந்த வேலைக்குக் கோயமுத்தூர்லயே அவர உட்டா ஆள் இல்லைன்னாங்க. அவரும் இன்னிக்குக் கைய விரிச்சுட்டாருன்னா நான் அவ்வளவுதானுங்க. சும்மா பேச்சுக்குச் சொல்லல. நாளைக்குக் காலைல எம் மச்சினனுக்குத் தலைத் தெவசம், செத்து வருசம் ஒண்ணாச்சு. எம் பொண்டாட்டிய அந்த வண்டில உக்கார வெச்சு நான் கூட்டிட்டுப் போகோணும்.

ஆகலீன்னா என்னவா? ஆகலீன்னா அவ அங்கிருந்து அப்படியே எம் பொண்ணோட பெங்களூர் போயிருவா. திரும்பி வருவாங்கற நம்பிக்க எனக்கில்ல.

சொல்றேன் இருங்க. மொதல்ல ஸ்கிரீன் விசயத்தச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். இது வாங்கும்போதே கம்பெனில இருந்து ஸ்கிரீனோட வந்த வண்டி. அன்னைக்கு அது பெரிய விசயமுங்க. பாட்டு வரும், ரேடியோ வரும், ரிவர்ஸ் எடுத்தாப் பின்னாடி இருக்கறது தெரியும். எங்க தெருவுல எல்லாரும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. ஆனா போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. இப்ப வர்ற வண்டியெல்லாம் போன உள்ள வெச்சாலே போதும், போன்ல இருக்கற மேப்பு, காலு, எல்லாம் ஸ்கிரீன்ல வந்து உக்காந்துக்குது. பழைய வண்டிக்கு அந்தக் குடுப்பன இல்ல.

ஏறாத கடையில்ல. எல்லாவனும் ஒரே பாட்டுத்தான், அதக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டுப் புது ஸ்கிரீன் மாட்டுங்க சார்னு. எப்படிங்க கழட்டறது? ரிவர்ஸ் கேமரா அதுலதான் இருக்குது. ஏசி எத்தன வெச்சிருக்கறோம்னு அதுலதான் காட்டுது. ஸ்டியரிங்ல இருக்கற பட்டன் பூரா அதுகூடத்தான் பேசுது. அதையெல்லாம் புடுங்கிப்போட்டுட்டு எவனோ பண்ணுன தகரத்த உள்ள திணிக்கறதா? நல்ல சாமானுங்க அது. இன்னிக்கு வரைக்கும் ஒரு கோடு உழுந்ததில்ல.

அஸ்கர் பாய்தான் சொன்னாரு, ஸ்கிரீனத் தொடவே வேண்டாம் சார், அதுக்குப் பின்னாடி சின்னதா ஒரு பாக்ஸ் வெச்சறலாம், போன்ல இருக்கறத அந்த பாக்ஸ் வாங்கி அதே ஸ்கிரீன்ல காட்டும்னு. அவரு வாயில சர்க்கரதான் போடோணும்னு நெனச்சேன். பாக்ஸ் டெல்லில இருந்து வரணும்னாரு. வந்துச்சு. பாத்தா சொருகற எடம் எங்க வண்டிக்குச் சேரல. திருப்பி அனுப்பினோம். மறுபடியும் வந்துச்சு. மாட்டினாரு. ஸ்கிரீன் கருப்பாப் போயிருச்சு. பாட்டும் இல்ல, ரேடியோவும் இல்ல, ரிவர்ஸ் எடுத்தா ஒண்ணும் தெரியல. அன்னிக்கு நான் இந்தக் கடை வாசல்ல நின்னு அழுதுட்டேனுங்க, இந்த வயசுல. பாய் பயந்துபோயி டீ வாங்கிக் குடுத்தாரு. பழையபடி கழட்டி வெச்சு ஸ்கிரீனுக்கு உசுரு குடுத்துட்டாரு, அது வேற. இன்னிக்கு மாட்டறது வேற பாக்ஸ். இதுவும் போச்சுன்னா அடுத்து வர்றதுக்குள்ள தெவசம் முடிஞ்சுரும்.

இப்ப அவ கதைக்கு வர்றேன். எங்க வூட்டுக்காரி பேரு ருக்குமணி. அவ காருல ஏற மாட்டேங்கறா.

சிரிக்காதீங்க. உங்களுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். ஒரே வூட்டுல இருக்கறோம், சோறு போடறா, துணி தொவைக்கறா, மாத்தர எடுத்துக் குடுக்கறா. பேசறதும் பேசறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. ஆனா எங்க போனாலும் பஸ்ஸுதான். கோயிலுக்கு பஸ்ஸு, ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸு. கண்ணாலத்துக்குக் கூட நான் கார்ல தனியாப் போயி எறங்கறேன், அவ பின்னாடியே பட்டுச்சீலையோட டவுன் பஸ்ல நசுங்கிட்டு வந்து எறங்கறா. சனம் என்ன நெனைக்கும் சொல்லுங்க? வாசல்ல பன்னீர் தெளிக்கற பொம்பள என்ன நெனைக்கும்?

ஒரு நாளு கறிகாய் வாங்க உக்கடத்துக்குக் கெளம்பினா. நல்ல வெயிலு. நான் வண்டிய எடுத்துட்டு அவ ஏறின பஸ்ஸுக்குப் பின்னாடியே போனேன். ஒவ்வொரு ஸ்டாப்புலயும் பஸ் நிக்கறப்ப நானும் பக்கத்துல நிறுத்தி, கண்ணாடிய எறக்கி, ருக்கு எறங்கி வா, ருக்கு எறங்கி வான்னு கூப்புட்டேன். அவ சன்னலோரந்தான் உக்காந்திருந்தா. நேரா முன்னாடியே பாத்துட்டு வந்தா. கடைசில கண்டக்டர் எறங்கி வந்து, யோவ் பெரிய மனுசா, அந்தம்மாவ ஏன்யா தொல்ல பண்றங்கறான். என் பொண்டாட்டிப்பாங்கறேன். அதுக்கு அவன், அப்ப வூட்டுல வெச்சுப் பேசிக்கங்கன்னுட்டு விசிலடிச்சுட்டான். பின்னாடி நின்ன ஆட்டோக்காரனெல்லாம் ஆரன் அடிக்கறான்.

இது எப்ப ஆரம்பிச்சுதுன்னா, எம் மச்சினன் செத்த அன்னிக்கு. சென்னியப்பன்னு பேரு, அவளுக்கு நேர் மூத்தவன். காட்டுல தண்ணி பாச்சிட்டு இருந்தவன் நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்திருக்கறான், அவ்வளவுதான். மத்தியானம் போன் வந்துச்சு. சாயங்காலம் எடுத்தர்றோம், ஒடனே கெளம்பி வாங்கன்னாங்க. நான் ஒடனே கெளம்பிட்டேனுங்க. டயர்ல காத்து, ஆயிலு, ரேடியேட்டர் தண்ணி, அத மட்டும் பாத்துட்டுத்தான் எடுத்தேன். தூரம் போற வண்டி, பாக்காம எடுக்க முடியாதில்லீங்க. அவ வாசல்லயே செருப்பில்லாம நின்னுட்டு இருந்தா.

அவங்க ஊரு காளிவலசு. தாராவரம் பக்கம். எனக்கும் மச்சினனுக்கும் அவ்வளவா ஒட்டாது, அதனால நான் அங்க போறது கம்மி. அவதான் நெனச்சா பஸ் ஏறிப் போயிட்டு வருவா. இந்தப் பைபாஸ் வேற போட்டுட்டாங்களா, பழைய ரோடு எது புது ரோடு எதுன்னு தெரியல. சரி, போன்ல ஊர் பேர நானே போட்டேன். கோடு காட்டுச்சு. போன அவ கையில குடுத்து, இதப் புடிச்சுட்டு உக்காரு, அசைக்காதன்னேன்.

பல்லடம் வந்தவொடனே அவ, சோத்தாங்கைப் பக்கம் திருப்புங்க, குண்டடம் ரோடுங்கறா. மேப் நேராப் போகச் சொல்லுது. நான் சொன்னேன், ஒரு நாளைக்கு எத்தன லட்சம் பேரு இதப் பாத்துப் போறாங்க, உனக்கு ரொம்பத் தெரியுமாக்கும், போன ஒழுங்காப் புடின்னு. அவ கையில போன் ஆடிட்டே இருந்துச்சா, மேப்பே எனக்குச் சரியாத் தெரியல. கோடு எங்கியோ போகுது. நேராக் கொண்டு போயி வெள்ளக்கோயில் பக்கம் ஒரு ஊருக்குள்ள உட்ருச்சு. அங்கயும் போர்டு காளிவலசுதான். என்ன பண்றது, அந்தப் பக்கம் பாதி ஊருக்கு வலசுன்னுதான் பேரு. அது வேற காளிவலசு.

அது தப்புன்னு நான் ஒத்துக்கறேன், மேப்போட தப்பு. ஆனா அதையும் சரி பண்ணியிருக்கலாமுங்க. திருப்பிட்டு வேகமா வந்தோம். மறுபடியும் பாத்துப் பேரு போட்டேன், இந்தத் தடவ சரியான ஊரு, கோடு காட்டிட்டு இருக்குது. அப்பப் பாத்து போன் அடிக்குது. மச்சினன் பையன் நந்து. கால் வந்தா மேப் போயிருதில்லீங்களா? கோடு போச்சு, ஊர் போச்சு, அவன் மொகந்தான் தெரியுது. முன்னால ரோடு ரெண்டாப் பிரியுது. நான் கத்திட்டேன், கட் பண்ணு, மொதல்ல அதக் கட் பண்ணுன்னு. அவ எடுத்துக் காதுல வெச்சுட்டா. அத்த, எங்க இருக்கறீங்க, பெரியவங்க நேரமாகுதுங்கறாங்கன்னு அவன் பேசறது எனக்கே கேக்குது. கட் பண்றயா இல்லையான்னேன். கட் பண்ணிட்டா. திரும்பவும் அடிச்சான். அதையும் கட் பண்ணா. அப்புறம் அவன் அடிக்கல.

நாங்க போயிச் சேர்றப்ப ஆம்பளைங்க எல்லாம் ஈர வேட்டியோட திரும்பி வந்துட்டு இருந்தாங்க.

கூடப் பொறந்தவ வாய்க்கரிசி போடாம எடுக்க மாட்டாங்க, காத்திருப்பாங்கன்னு நான் நெனச்சேனுங்க. காத்திருந்தாங்களாம். இருட்டறதுக்குள்ள கொண்டு போகோணும்னு பெரியவங்க சத்தம் போட்டுட்டாங்களாம். வாசல்ல மொறத்துல மீதி அரிசி கெடந்துச்சு. ருக்குமணி அதுல ஒரு கை அள்ளி முந்தானைல முடிஞ்சுட்டு, சுடுகாட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டா. பொம்பளைங்க அங்க போற வழக்கமில்ல. ரெண்டு பேரு புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. வந்தவ வூட்டுக்குள்ள போகாம நேரா எங்க வண்டியத் தொறந்து முன்சீட்டுல உக்காந்துட்டா. கதவு தொறந்தே கெடக்குது. நான் குளிக்கோணும், எழவு வூடு, எனக்கும் அன்னிக்கு மனசே செரியில்ல. குளிச்சுட்டு வந்து பாத்தா அவ உள்ள போயிருந்தா. வண்டில கால் வெக்கற ஃப்ளோர் மேட்டுல, சீட்டு சந்துல, எல்லாப் பக்கமும் அரிசி. முந்தானைய அவுத்து உட்டிருக்கறா.

பதினாறு முடியற வரைக்கும் அவ அங்கயே இருக்கட்டும்னு நான் மட்டும் திரும்பி வந்தேன். வந்து மொத வேலையா வண்டிய வாட்டர் சர்வீஸுக்கு உட்டேன். எழவு வூட்டு அரிசி வண்டில கெடக்கலாமுங்களா? மிசின் வெச்சு உறிஞ்சியெடுக்கச் சொல்லி, மேட்டு, சீட்டு எல்லாத்துக்கும் ஷாம்பு போட்டு, ஒரு மணி அரிசி இல்லாமப் பண்ணிட்டேன். சீட்டுக்கு அடியில எல்லாம் கைய உட்டு நானே செக் பண்ணேன். புது வண்டி மாதிரி ஆயிருச்சு.

கருமாதி அன்னிக்குக் கூட்டிட்டு வரப் போனேன். பொட்டியெல்லாம் எடுத்துட்டு வந்தா, கதவத் தொறந்தா, கீழ பாத்தா. அந்த மேட்டையே பாத்துட்டு நின்னா. என்னைப் பாத்து, அரிசி எங்கீங்கன்னு கேட்டா. சுத்தமாக் கழுவியாச்சு, பாரு, ஒண்ணு இருக்காதுன்னேன். கதவ மெதுவாச் சாத்திட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துட்டா. ஷாம்பு வாசம் ஒத்துக்கல போலிருக்குதுன்னு நெனச்சேன். அவளுக்கு அந்த மாதிரி வாசத்துக்கெல்லாம் தலவலி வரும். ரெண்டு நாளு கதவத் தொறந்து காயப் போட்டும் பாத்துட்டேன். ஏறல. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் ஏறல.

ஏனுங்க தண்ணி குடிக்கறீங்களா? மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு உங்களுக்கு. இங்க ஃபேன் காத்து சரியா வராது, இப்படித் தள்ளி உக்காருங்க.

என்னங்க பாய்? பேட்டரி ஒயரக் கழட்டி மாட்டிப் பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க, எது வேணாலும் பண்ணுங்க. வருதுங்களா? வரலைங்களா? மறுபடியும் கருப்பா இருக்குதா? ஐயோ பாய், அப்படிச் சொல்லாதீங்க. உங்க காலுல கூட உழுகறேன். சரி சரி, நான் உள்ள வரல, நீங்க பாருங்க.

கருப்பா இருக்குதாமுங்க.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆமா, காரணமே புரியாம எத்தன மாசம் கெடந்தேன். உனக்கு என்னடி கொறைன்னு கேட்டா, ஒண்ணுமில்லீங்கம்பா. திட்டினாலாவது பரவால்லைன்னு இருந்துச்சு. அப்பத்தான் சொந்தத்துல ஒரு பையன் புது வண்டி வாங்கினான், உக்காருங்க மாமா ஒரு ரவுண்டு போலாம்னான். போயிட்டே இருக்கறப்ப அவனுக்கு ஒரு போன் வந்துச்சு. பாத்தா, காலு ஸ்கிரீன்ல ஓரமா வந்து நிக்குது, மேப் அப்படியே இருக்குது. கோடு அசையல. அவன் பாட்டுக்குப் பேசறான், வண்டியும் திரும்ப வேண்டிய எடத்துல திரும்புது. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சுங்க. அடப்பாவமே, இது ஒண்ணு அன்னிக்கு இருந்திருந்தா! அவ போனப் புடிச்சுட்டு உக்காந்திருக்க வேண்டியதில்ல. நந்து கூப்புட்டிருந்தா அவ நல்லாப் பேசியிருக்கலாம். நானும் கத்தியிருக்க மாட்டேன். இத்தன பிரச்சனையும் ஒரு ஸ்கிரீனால வந்தது.

அன்னிக்கே வூட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். ருக்கு, நம்ம வண்டிலயும் அந்த மாதிரி பண்ணிர்றேன், இனிமே போன் வந்தா மேப் மறையாது, நீ எதையும் புடிக்க வேண்டாம், ஏறுவயான்னு. அவ பீன்ஸ் அரிஞ்சுட்டு இருந்தா. ம்முன்னா.

ஆமா, அவ்வளவுதான் சொன்னா. அது சம்மதம்தானுங்களே? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லியிருப்பால்ல? நீங்க கண்ணாலம் ஆனவருதான, நீங்களே சொல்லுங்க. நான் அந்த ஒரு வார்த்தைய வெச்சுட்டுத்தான் இத்தன நாளா ஓடிட்டு இருக்கறேன்.

எம் பொண்ணு தாரணி இருக்கறாளே, பெங்களூர்ல வேல, அவ போன வாரம் போன் பண்றா. அப்பா, தெவசம் முடிஞ்சதும் அம்மா எங்கூட வந்து இருக்கட்டும்பாங்கறா. எத்தன நாளைக்கும்மான்னேன். இருக்கட்டும்பா, இருக்கற வரைக்கும் இருக்கட்டுங்கறா. அது என்னங்க கணக்கு? எனக்கு யாரு இருக்கறாங்கன்னேன். அதுக்கு அவ, உங்களுக்குத்தான் கார் இருக்குதேங்கறா. பெத்த புள்ள பேசற பேச்சா இது? படிக்க வெச்சது நானு. அவ ஸ்கூட்டி ஓட்டிப் பழகறப்ப பின்னாடியே ஓடுனது நானு. இண்டிகேட்டர் போடு, கண்ணாடியப் பாரு, எங்க பாக்கறன்னு சொல்லிச் சொல்லித் தொண்ட கட்டுனது எனக்கு. இப்ப வரைக்கும் அவ வண்டி ஓட்டறதில்ல, பயமாம்.

அதனாலதானுங்க சொல்றேன், நாளைக்கு எனக்குக் கடைசி சந்தர்ப்பம். அவ ஒரு தடவ ஏறி உக்காந்துட்டாப் போதும். அந்த ஊரு வரைக்கும் வாயே தொறக்க மாட்டேன், மேப் சொல்றபடி ஓட்டிட்டுப் போவேன். நந்து கூப்புடட்டும், தாரணி கூப்புடட்டும், ஊரே கூப்புடட்டும், அவ பாட்டுக்குப் பேசிட்டு வரட்டும். அங்க போயி கார்ல எறங்கறத நாலு பேரு பாத்துட்டா, அப்புறம் அவளுக்கே பெங்களூர் போக மனசு வராது.

என்ன சத்தம்? பாய்? வந்துருச்சா? நெசமாவா? ஏனுங்க எந்திரிங்க, வந்துருச்சாம், வாங்க. நீங்களும் வாங்க பாக்கலாம். அட உங்க சீட்டுக் கவர் எங்கியும் ஓடிப் போயிறாது, வாங்க!

பாருங்க. பாருங்க! அதே ஸ்கிரீனுங்க. ஒரு பக்கம் கம்பெனிக்காரன் வெச்ச ரேடியோ, தொட்டா போன்ல இருக்கறது பூரா. எழுத்தெல்லாம் எவ்வளவு பெருசா, பளிச்சுன்னு. பாய், நீங்க நல்லா இருப்பீங்க. உங்க புள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கும். மேப் போடுங்க. காளிவலசு. பாத்துப் போடுங்க, ரெண்டு மூணு இருக்கும், தாராவரம் பக்கம் இருக்கறது. அதேதான். பாத்தீங்களா, பல்லடத்துல சோத்தாங்கைப் பக்கம் திரும்புது, குண்டடம் வழியா. அத நான் அன்னிக்கே... சரி, அது போகட்டும். நீங்க இப்படி இந்தப் பக்கமா உக்காருங்க, சும்மா உக்காருங்க. அவ உக்கார்ற எடத்துல இருந்து பாத்தா வெயில் அடிக்காமத் தெரியுதான்னு சொல்லுங்க. தெரியுதுங்களா? நல்லாத் தெரியுதுங்களா?

அட! கால் வருது பாருங்க! வீடுன்னு வருது, அது அவதான், அவ நம்பர நான் வீடுன்னுதான் போட்டு வெச்சிருக்கறேன். அவளா கூப்புட்டு எத்தன மாசமாச்சு தெரியுமுங்களா? மேப்பப் பாருங்க, மேப் அப்படியே இருக்குது! எங்க அமுக்கறது பாய்? இந்தப் பச்சையா?

"ஏனுங்க, நான் பஸ் ஏறிட்டேனுங்க."

"ருக்கு? எந்த பஸ்ஸு? இப்ப எதுக்கு பஸ்ஸு, தெவசம் நாளைக்குத்தான?"

"இன்னிக்கே போயிட்டா அண்ணிக்கு ஒத்தாசையா இருக்கும். தாரணியும் நேரா அங்க வந்தர்றா. சாவி எதுத்த வூட்டுல குடுத்திருக்கறேன். கொழம்பு அடுப்பு மேல இருக்குது, சூடு பண்ணிக்குங்க. பிரசர் மாத்தர மட்டும் உட்றாதீங்க."

"எறங்கு ருக்கு, வண்டி எங்க நிக்குதோ அங்கியே எறங்கிக்க. ஸ்கிரீன் ஆயிருச்சு! இப்ப நீ பேசறது கார்லதான் கேக்குது. மேப் மறையவே இல்ல. நான் இப்ப வந்தர்றேன். நீ எதையும் புடிக்க வேண்டாம், சும்மா உக்காந்திருந்தாப் போதும். காளிவலசுக்கு வழி போட்டு ரெடியா வெச்சிருக்கறேன்."

"தாராவரம் ஒண்ணு குடுங்க, கண்டக்டர்."

"ருக்கு? கேக்குதா?"

"எனக்கு வழி தெரியுமுங்க. வெக்கறேன்."

பாய், கட் ஆயிருச்சு. நான் ஒண்ணும் அமுக்கலியே. மறுபடியும் போடுங்க. போகுதா? மணி அடிக்குது. அடிச்சுட்டே இருக்குது. எடுக்கல. இன்னொரு தடவ போடுங்க. பஸ்ஸுக்குள்ள சத்தம், அவளுக்குக் கேக்கலியோ என்னவோ. இல்லைங்க, எடுக்கல. இப்ப ஸ்விட்ச் ஆஃப்ங்குது. எப்படிங்க, இப்பத்தான பேசினா?

நீங்க எறங்காதீங்க, ஒரு நிமிசம் இருங்க. நீங்க கேட்டீங்கள்ல? பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி எவ்வளவு தெளிவாக் கேட்டுது. மேப் அசையலைல்ல? உங்க கண்ணால பாத்தீங்கள்ல? நான் சொன்னா அவ நம்ப மாட்டா. நீங்க வெளியாளு, படிச்சவரு மாதிரி இருக்கறீங்க, நீங்க சொன்னா மருவாதிக்காவது கேட்டுக்குவா. கொஞ்ச நேரங்கழிச்சு ஆன் பண்ணுவா, தாரணிகிட்டப் பேசோணுமில்ல. அப்ப உங்க போன்ல இருந்து ஒரு தடவ போட்டுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஸ்கிரீன் நல்லா வேல செய்யுதுங்கம்மா, நான் பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க. எடுப்பா. தெரியாத நம்பர்னா எடுத்துருவா.